சுரமண்டலமும் ஈட்டியும்



நம் ஜனங்களின் கைப்பேசிகளில் இப்போது ஒலி மருந்தாக உலவுகிறது. 528 ஹெர்ட்ஸ் அதிர்வை இரவெல்லாம் கேட்டால் மரபணு சீராகும் என்கிறது ஒரு காணொளி. 396 ஹெர்ட்ஸ் பயத்தை நீக்கும் என்கிறது மற்றொன்று. இவை வேதத்தில் மறைத்து வைக்கப்பட்ட பரிசுத்த அதிர்வெண்கள் என்ற விளக்கமும் கூடவே வருகிறது. அதை நம்பி வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்புகிறவர்கள் தீயவர்கள் அல்லர். உறக்கமின்றித் தவிக்கும் ஒரு சகோதரிக்கு நன்மை செய்வதாகவே எண்ணி அனுப்புகிறார்கள். அந்த எண்ணத்தை மதிக்கிறேன்; அந்தச் செய்தியை மறுக்கிறேன். வேதத்தின் பெயரால் ஒரு பொய் சபைக்குள் நடமாடும்போது மேய்ப்பன் வாய்மூடி இருப்பது தகாது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். ஒலி மனிதனுக்கு இளைப்பாறுதல் தரும் என்பதை நான் மறுக்கவில்லை. அதை மறுப்பவன் வேதத்தையும் மறுக்க வேண்டும், மருத்துவ ஆய்வையும் மறுக்க வேண்டும். என் வழக்கு வேறு. ஒலி செய்யும் நன்மை மெய்யானது, ஆனால் அளவுக்குட்பட்டது. அது மென்மையினாலும் நிதானத்தினாலும், அருகில் இருக்கும் மனிதரின் அன்பினாலும் வருகிறது. மந்திர எண் ஒன்றினால் வருவதில்லை. ஒலிபெருக்கியின் பலத்தினாலும் வருவதில்லை. எண்ணை நம்பும் தவறு நம் கைப்பேசிகளில் இருக்கிறது. பலத்தை நம்பும் தவறு நம் ஆராதனைகளில் இருக்கிறது. இரண்டையும் இன்று நிறுத்துப் பார்ப்போம்.

ஒலியினால் வரும் ஆறுதலைப் பற்றிப் பேசும் எவரும் 1 சாமுவேல் 16ஆம் அதிகாரத்துக்கே முதலில் வருகிறார்கள். கலங்கிய சவுலுக்கு முன்பாகத் தாவீது சுரமண்டலம் வாசித்தான், சவுல் ஆறுதலடைந்தான். நம் தமிழ் வேதாகமம் "சொஸ்தம்" என்ற சொல்லையே அங்கே வழங்குகிறது. அப்படியானால் இசை குணமாக்கும் என்று வேதமே சொல்லவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பக்கத்தோடு வேதத்தை மூடிவிடாதீர்கள். 18ஆம் அதிகாரத்தையும் 19ஆம் அதிகாரத்தையும் திறந்து பாருங்கள். அதே அரசன், அதே தாவீது, அதே சுரமண்டலம். தாவீது வாசித்துக்கொண்டிருக்கும்போதே சவுல் ஈட்டியை எடுத்து அவனைச் சுவரோடு சேர்த்துக் குத்த முயன்றான். ஒருமுறை அல்ல, மீண்டும் மீண்டும்.

இசை பழுதடைந்துவிட்டதா? இல்லை. வாசித்தவனின் கை தளர்ந்துவிட்டதா? அதுவும் இல்லை. சவுலின் உள்ளத்தில் பொறாமை இருந்தது, கீழ்ப்படியாமை இருந்தது, மனந்திரும்பாத நெஞ்சம் இருந்தது. சுரமண்டலம் அவனுக்கு அமைதியான சில மணி நேரங்களைக் கொடுத்தது. அந்த நேரத்தில் அவன் செய்திருக்க வேண்டியதை அது அவனுக்காகச் செய்யவில்லை. இசை நமக்கு ஓர் இடைவேளை தரும். அந்த இடைவேளையில் நாம் எங்கே திரும்புகிறோம் என்பது வேறு காரியம். வேதம் இவ்விரண்டையும் ஒரே வரலாற்றில் வைத்துக் காட்டுகிறது. அதிர்வெண் வியாபாரிகளோ முதல் பாதியை மட்டும் கிழித்தெடுத்து விற்கிறார்கள்.

மருத்துவ ஆய்வும் இதே அளவோடுதான் பேசுகிறது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளிகள் இசை கேட்டால் பதற்றம் குறைகிறதா என்பதை ஆராய்ந்த 26 ஆய்வுகளை, 2,051 நோயாளிகளின் விவரங்களோடு, காக்ரேன் அமைப்பு 2013இல் தொகுத்து வெளியிட்டது. பதற்றம் குறைகிறது என்பதே அதன் முடிவு. 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான மற்றொரு தொகுப்பு 70க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இசை கேட்டவர்களுக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் வலியும் பதற்றமும் குறைந்திருந்தன. வலி மருந்தின் தேவையும் குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறையவில்லை. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வாசியுங்கள். இசை நோயாளியின் பாரத்தை இலகுவாக்கியது. அறுவை சிகிச்சை நிபுணரின் இடத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வகை இசை என்பதும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. ஓர் எண்ணுக்குள் இரகசியம் ஒளிந்திருந்தால் அது அங்கே வெளிப்பட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் அமைதி எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு நம் சுவாசத்திலிருந்து. இத்தாலியின் பேவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 23 பேரை இலத்தீன் மொழியில் ஜெபமாலை ஜெபத்தைச் சொல்லவைத்தார்கள். யோக மந்திரம் ஒன்றையும் சொல்லவைத்தார்கள். இரண்டிலும் சுவாசம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்ற அளவுக்கு மெதுவானது. அதனோடு இதயத்தின் இயக்கமும் இரத்த அழுத்தத்தின் அலைவும் இசைந்து ஒழுங்குபட்டன. இதைக் கேட்டு யாரும் கலங்க வேண்டியதில்லை. நம் மார்க்கம் மெய் என்பதற்கு இது சான்று அல்ல; மற்ற மார்க்கம் மெய் என்பதற்கும் சான்று அல்ல. நிதானமாகச் சுவாசித்தால் உடல் அமரும் என்பது எல்லா மனிதருக்கும் சிருஷ்டிகர் வைத்த ஒழுங்கு. மழையும் வெயிலும் நீதிமான் மேலும் அநீதிமான் மேலும் ஒருபோல் வருவது போன்றதே இது. உடல் அமர்ந்ததை ஆவியின் அபிஷேகம் என்று பெயர்மாற்றி விற்பதுதான் பிழை.

பாடுதலும் இவ்வாறே. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் இளம் பாடகர் குழுவொன்றை ஆராய்ந்தவர்கள், சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதை 2013இல் எடுத்துக்காட்டினார்கள். ஒரே பாட்டு ஒரே இடத்தில் மூச்சு வாங்கச் சொல்கிறது; எனவே இதயங்களும் ஒரே தாளத்துக்கு வருகின்றன. அதே ஆண்டில் அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவும் வெளியானது. பெற்றோர் தேர்ந்தெடுத்த பாட்டை நேரில் தாலாட்டாகப் பாடியபோது குழந்தைகளின் இதயத் துடிப்பிலும் உறக்கத்திலும் பால் குடிப்பதிலும் நல்ல மாற்றங்கள் காணப்பட்டன. பெற்றோரின் மன அழுத்தமும் தணிந்தது. நம் பாட்டிமார் தூளியருகில் உட்கார்ந்து செய்ததும் இதைத்தான். அவர்கள் ஹெர்ட்ஸ் கணக்குப் பார்க்கவில்லை.

இப்போது அந்த எண்களுக்கு வருகிறேன். 396, 417, 528, 639, 741, 852 என்ற ஆறு எண்களும் எண்ணாகமம் 7ஆம் அதிகாரத்தில் மறைந்திருந்ததாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்கர்களான ஜோசப் புலியோ, லியோனார்டு ஹோரோவிட்ஸ் என்ற இருவர் 1999இல் வெளியிட்ட நூல் வழியாகவே இக்கூற்று உலகெங்கும் பரவிற்று. வேதத்தை எடுத்து நீங்களே சோதித்துப் பாருங்கள். அந்த அதிகாரத்தில் பலிபீடப் பிரதிஷ்டைக்காகப் பன்னிரண்டு கோத்திரப் பிரபுக்கள் பன்னிரண்டு நாட்கள் காணிக்கை கொண்டுவருகிறார்கள். பன்னிருவரும் கொண்டுவருவது ஒரேவிதமான காணிக்கை: 130 சேக்கல் வெள்ளித்தாலம், 70 சேக்கல் வெள்ளிக்கலம், தூபவர்க்கம் நிறைந்த 10 சேக்கல் பொன் தூபகரண்டி, பலிக்குரிய மிருகங்கள். ஒவ்வொரு பிரபுவுக்கும் ஆறு வசனங்கள். ஆகையால் முதல் நாளின் தூபகரண்டி 14ஆம் வசனத்திலும், இரண்டாம் நாளினது 20ஆம் வசனத்திலும், மூன்றாம் நாளினது 26ஆம் வசனத்திலும் வருகின்றன.

வித்தை இங்கேதான் தொடங்குகிறது. 14இன் இலக்கங்களைக் கூட்டினால் 5. 20இன் இலக்கங்களைக் கூட்டினால் 2. 26இன் இலக்கங்களைக் கூட்டினால் 8. அருகருகே எழுதினால் 528. அவ்வாறே 12, 18, 24 ஆகிய வசன எண்களைக் கூட்டினால் 3, 9, 6. அதுதான் பயத்தை நீக்குமாம் 396. மரபணுவைச் சீராக்கும் தெய்வீக அதிர்வு என்று நம் தாய்மார் நள்ளிரவில் கேட்டுக்கொண்டிருப்பது மூன்று தூபகரண்டிகளின் வசன எண்களையே!

அந்த எண்களை மோசே எழுதவில்லை. வேதாகமத்தின் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்பவர் வகுத்தவையாகக் கருதப்படுகின்றன. வசனங்களுக்கு எண்ணிடும் வழக்கம் அச்சுக்கலை வந்தபின் 16ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. ஹெர்ட்ஸ் என்பதோ ஒரு வினாடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை; 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானிய இயற்பியலாளர் ஒருவரின் பெயரால் வழங்கும் அலகு. மணியை அறுபதாகவும் நிமிடத்தை அறுபதாகவும் பகுப்பது மனிதர் வகுத்த வழக்கம். வினாடி சற்றே நீண்டிருந்தால் அதே ஒலிக்கு வேறு எண் கிடைத்திருக்கும். பழைய ஆலயப் பாடகர்கள் இந்த அதிர்வெண்களில் பாடினார்கள் என்பதும் ஆதாரமற்ற பேச்சு. சுருதிக்கு நிலையான அளவு காட்டிய இசைக்கவை 1711இல்தான் உருவாக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட துறவிகள் தங்கள் குரலுக்கு இசைந்த சுருதியில் பாடினார்கள், அவ்வளவே.

ஒரு பாட்டைக் கேட்பதில் என்ன கேடு, ஐயா, விட்டுவிடலாமே என்று சிலர் சொல்வீர்கள். கேட்பதில் கேடு இல்லை. உங்களுக்கு இதமாக இருந்தால் மெல்லிய ஒலியில் கேட்டு உறங்குங்கள். கேடு அதன் வாக்குறுதியில் இருக்கிறது. மரபணு சீராகும் என்று நம்புகிறவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவார். பயம் நீங்கும் என்று நம்புகிறவர் மனச்சோர்வுக்கு மருத்துவரை நாடாமல் மாதங்களைக் கடத்துவார். நாற்பது இரவுகள் கேட்டும் மாற்றம் காணாதவர், என் விசுவாசம் குறைவு என்று தன்னையே குற்றப்படுத்திக்கொள்வார். அந்த மூன்றாவது காயமே மிகக் கொடியது. வேதத்தின் பெயரைச் சொல்லி வந்த மருந்து பலிக்காதபோது, மருந்தை விற்றவன் பழியிலிருந்து தப்பிவிடுகிறான்; கர்த்தரின் பெயருக்கே பழி வருகிறது.

இதுவரை மற்றவர்களின் தவறைப் பேசினோம். இனி நம் வாசலுக்கு வருவோம். நம் ஜனங்கள் அமைதியைத் தேடி ஏன் கைப்பேசிக்குப் போகிறார்கள்? ஆலயத்தில் அது கிடைக்காமற்போனதும் ஒரு காரணம் அல்லவா? ஐம்பது பேர் கூடும் அறையில் ஐந்நூறு பேருக்கான ஒலிப்பெட்டிகள். டிரம்ஸ், கீபோர்டு, நான்கு மைக். ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டு. ஜெபத்துக்குள்ளும் பின்னணி இசை. அமர்ந்திருந்து கர்த்தருக்குக் காத்திருக்க ஒரு நிமிடம் இல்லை. அதிர்வெண் வியாபாரி எண்ணில் வல்லமை இருக்கிறது என்கிறான். நம்மில் பலர் சத்தத்தில் வல்லமை இருக்கிறது என்கிறோம். வியாபாரம் வேறு, பிழை ஒன்றுதான்.

சத்தம் அதிகமாக இருந்தால்தானே எழுப்புதல், சங்கீதக்காரனே உரத்த கைத்தாளங்களோடு துதிக்கச் சொல்லவில்லையா என்பார்கள். சொல்லியிருக்கிறான். ஆனால் கைத்தாளம் கையினால் ஒலிப்பது. கை களைக்கும், ஓயும். நம் ஒலிப்பெட்டி களைப்பதில்லை. மனிதக் காதுகளோ களைக்கும். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்பது கேடு என்று தொழில்நல நிபுணர்கள் வரையறுத்திருக்கிறார்கள். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. ஒலிப்பெட்டிக்கு முன்பாகத் தாயின் மடியில் உறங்கும் குழந்தையை எண்ணிப் பாருங்கள். அதற்கு எழுந்து போக வழியில்லை.

அடுத்த வீட்டுக்காரரையும் எண்ணிப் பாருங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலுமே வரம்பு. அதே ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. வழக்குக்கு உள்ளானது சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியிலிருந்த ஒரு கிறிஸ்தவ ஜெபக்கூடம். முறையிட்டவர்கள் அப்பகுதிக் குடியிருப்போர். மற்றவர்களின் அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கி வழியாகவோ மேளம் அடித்தோ ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் கற்பிக்கவில்லை என்று நீதிமன்றம் கூறிற்று. நம் தேவனைப் பற்றிய இந்த எளிய உண்மையை நமக்கு நினைவூட்ட ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது என்பது வெட்கத்துக்குரியது. மற்ற மதத்தாரும் ஒலிபெருக்கி வைக்கிறார்களே என்ற பதில் நமக்குப் பொருந்தாது. பிறனை நேசி என்ற கட்டளையைப் பெற்றவர்கள், பிறர் செய்கிறார்கள் என்பதை நியாயமாகச் சொல்லக்கூடாது. சுவருக்கு அப்பால் பக்கவாதத்தில் படுத்திருக்கும் முதியவருக்கும், மறுநாள் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கும் நம் முழு இரவு ஜெபம் எப்படிக் கேட்கிறது? சுரமண்டலமாகவா, ஈட்டியாகவா?

கர்மேல் மலையில் காலை முதல் உரத்துக் கூப்பிட்டவர்கள் பாகாலின் தீர்க்கதரிசிகள். எலியாவின் ஜெபமோ சில வரிகளில் முடிந்தது. அதே எலியா சோர்ந்து, சாக விரும்பி ஓரேபுக்கு ஓடியபோது, கர்த்தர் அவனை முதலில் உறங்கவிட்டார்; உண்ணக் கொடுத்தார்; பின்பு காற்றிலும் பூகம்பத்திலும் அக்கினியிலும் அல்லாமல் மெல்லிய குரலில் பேசினார். நம் ஆண்டவரும் மாற்கு 7ஆம் அதிகாரத்தில் காது கேளாத மனிதனை ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துச் சென்றே அவன் காதுகளைத் தொட்டார். திறக்கப்பட்ட அந்தக் காதுகளில் முதலில் விழுந்தது கூட்டத்தின் இரைச்சல் அன்று, இயேசுவின் குரல்.

ஆகையால், அன்பானவர்களே, நான்கு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, குணமாக்கும் அதிர்வெண் என்று வரும் எதையும் மற்றவர்களுக்கு அனுப்பாதிருங்கள். அனுப்பியவரை அவமானப்படுத்தாமல், எண்ணாகமம் 7ஐத் திறந்து காட்டுங்கள். இரண்டாவது, மருத்துவர் கொடுத்த மருந்தை எந்த ஒலிக்காகவும் நிறுத்தாதிருங்கள். உறக்கமின்மையும் துயரமும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மனநல உதவிக்கென்று அரசு நடத்தும் 14416 என்ற எண்ணையும் அழைக்கலாம். அது விசுவாசக் குறைவு அல்ல.

மூன்றாவது, பாடுங்கள். படுக்கையில் இருக்கும் நம் சபையாரின் வீடுகளுக்கு மாலை வேளையில் இருவர் மூவராகச் சென்று, மைக் இல்லாமல், அவர்கள் சிறுவயதில் கற்ற ஒரு கீர்த்தனையை மெதுவாகப் பாடுங்கள். அவர்களுடைய உதடுகளும் அசையும் என்று நம்புகிறேன். கைப்பேசி எட்டு மணி நேரம் ஒலித்தாலும் அவர்களுடைய கையைப் பிடித்துக்கொள்ளாது; உங்களால் அது முடியும்.

நான்காவது நம் ஆலயத்துக்குரியது. நான் முன்பு சொன்ன பெர்னார்டி, 2006இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டார். வெவ்வேறு இசைகளைக் கேட்கச் செய்து, இடையில் இரண்டு நிமிடம் மௌனம் வைத்தார். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சுவாசமும் மிகுதியாகத் தணிந்தது எந்த இசையிலும் அன்று. அந்த இரண்டு நிமிட மௌனத்தில். வருகிற ஞாயிறு முதல் செய்தி முடிந்தபின் நாமும் இரண்டு நிமிடம் பேசாமலும் பாடாமலும் கர்த்தருக்கு முன்பாக அமர்ந்திருப்போம். வெளியே நோக்கிய ஒலிப்பெட்டிகள் உள்ளே திருப்பப்படும்; முன்வரிசையில் குழந்தைகள் உட்காரும் இடத்துக்கு அருகில் எந்தப் பெட்டியும் இராது. இது சிலருக்கு அபிஷேகம் குறைந்ததாகத் தோன்றலாம். அப்படித் தோன்றுகிறவர்கள் அந்த மௌனத்தில் என்ன கேட்கிறது என்பதைச் சில வாரங்கள் பொறுமையோடு கவனியுங்கள்.

கொந்தளிக்கும் கடலையும் அதட்டி அமரச்செய்த கர்த்தர், உங்கள் இரவுகளுக்கு நல்ல உறக்கத்தையும், உங்கள் அயலாருக்கு உங்களால் சமாதானத்தையும் அருள்வாராக. ஆமென்.